மென்பவளத்திற்கு இடமும் ஒளியும்

முத்தும் பவளமும் ஒருங்கு வைத்து எண்ணப்படும் மணிகள். ஆயினும் அவை நம் நாட்டிற் பெயர்பெற்ற வழி வேறு வேறு. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், கொற்கையில் முத்தெடுக்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. மேற்குக் கரைத் துறைமுகங்களில் வந்திறங்கிய பண்டங்களுள் பவளத்தையும் அதுவே குறிக்கின்றது. முத்து இங்கிருந்து சென்றது. அணிகலனுக்குரிய செம்பவளம் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது.

இவ்வாறு நெடுங்காலம் நமது கரையோர் கைவந்த கலையாகக் கொண்டது எடுக்கும் கலையே. கல்லிற் காலூன்றிக் கடலடி சேர்ந்து, மூச்சடக்கிச் சிப்பி கொய்து மீண்ட மக்களின் ஆண்மையை உலகம் வியந்தது. தூத்துக்குடியை அடுத்த முத்துப் பார்களில் 1955ஆம் ஆண்டு தொடங்கி நிகழ்ந்த சிலாபங்கள் 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்தன. பின்னர், 1973ஆம் ஆண்டில், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பியினுள் கருமணி வைத்து முத்து விளைவிக்கும் முறையில் வெற்றி கண்டனர். எடுக்கப் பழகிய கரை அன்று வைக்கவும் பழகிற்று.

பவளத்திற்கும் இப்போது அத்தகைய காலம் வந்துள்ளது. நம் மாணவருட் சிலர் தத்தம் இல்லங்களிற் கடல்நீர்த் தொட்டி அமைத்து, அதில் மென்பவளம் வளர்க்க விரும்புகின்றனர். புதிதாய் வந்த பவளத்தை எங்கு வைப்பது, எவ்வளவு ஒளி தருவது என்பன அவர் கேட்கும் வினாக்கள். அவற்றிற்கு விடையாக இச்சிறு பாடத்தை எழுதப் புகுகின்றோம். இது வீட்டுத் தொட்டியளவில் நிற்பதன்று. நம் தீவுகளைச் சூழ்ந்த கடலின் நலத்திற்கும் உரியது என்பது இறுதியில் விளங்கும்.

மென்பவளத்தின் இயல்பு

பவளம் செடியன்று, கல்லுமன்று. பவளப்பூச்சி எனப்படும் சிற்றுயிர்கள் பல ஒன்றுகூடி வாழும் தொகுதியே அது. பாறை கட்டும் வன்பவளத்தில், ஒவ்வொரு பூச்சியின் வாயைச் சுற்றிலும் உள்ள கைகள் ஆறாகவோ ஆறின் மடங்காகவோ அமையும். அதன் அடியிற் சுண்ணாம்பாலாகிய கெட்டியான கூடு உண்டு. மென்பவளத்திலோ பூச்சிக்குக் கைகள் எட்டு. ஒவ்வொரு கையும் இறகுபோல் இருபுறமும் கிளைத்திருக்கும். கெட்டியான கூட்டுக்கு ஈடாக, அதன் சதையினுள் ஊசிபோன்ற நுண்ணிய சுண்ணாம்புத் துணுக்குகள் பரவிக் கிடக்கும். ஈண்டு ஒரு வியப்பு: நம் மகளிர் அணியும் செம்பவளமும் எட்டுக் கையுடைய இனத்ததே. ஆதலின் கோத்தணியும் அப்பவளம், பாறை கட்டும் வன்பவளத்தினும் மென்பவளத்திற்கே நெருங்கிய உறவினது.

தொட்டியில் வளர்க்கப்படும் மென்பவளங்களுள் சார்கோபைட்டன், சினுலேரியா, லோபோபைட்டம் என்பன சிறந்தவை. சார்கோபைட்டன் குடைக்காளான் வடிவினது. சினுலேரியா விரல்கள் விரிந்தாற் போன்றது. இவற்றின் சதைக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அப்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும்பங்கைத் தமக்கு இடந்தந்த பவளத்திற்கு அளிக்கின்றன. பவளம் தன் கழிவுகளைப் பாசிக்கு உரமாகத் தருகின்றது. பவளத்திற்கு ஒளி வேண்டும் என்று நாம் சொல்லும்போது, உண்மையில் ஒளி வேண்டுவது அதன் உள்ளுறை பாசிக்கே என்பதை மறத்தலாகாது. டெண்ட்ரோநெப்தியா என்னும் அழகிய செந்நிற மென்பவளத்திற்கு அப்பாசி இல்லை. அது நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களையே இடைவிடாது உண்டு வாழ்வது. தொட்டியில் அதற்கு இரையூட்டல் மிக அரிது. நிறத்தில் மயங்கி அதனை வாங்குவோர் அது மெல்ல மெல்லப் பட்டினியால் மடிவதைக் காண்பர்.

எங்கிருந்து பெறுதல் தக்கது

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அப்பூங்காவிலிருந்து உரிய இசைவின்றி உயிர்களை எடுத்தல் குற்றம். பாறை கட்டும் வன்பவளம், கடல்விசிறி, கரும்பவளம், குழற்பவளம், தீப்பவளம் ஆகியவை 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அவற்றை உலர்ந்த நிலையில் விற்றலும் குற்றமே. ஆதலின் கடற்கரையிற் கிடந்தது என்றோ, வலையிற் சிக்கியது என்றோ ஒருவர் கொணரும் பவளத்தை மாணவர் ஏற்றல் தகாது.

அங்ஙனமாயின் எவ்வழிப் பெறுவது? மென்பவளம் துண்டிக்கத் தழைக்கும் இயல்பினது. வளர்ந்த சார்கோபைட்டனின் தலைப்பகுதியிலிருந்து கூரிய கத்தியால் ஒரு துண்டை அரிந்து தக்கவாறு வைத்தால், அது சில வாரங்களில் வேறொரு பவளமாய் நிலைபெறும்; தாய்ப்பவளமும் ஆறிப் புதிதாய் வளரும். ஆகவே தொட்டியில் வளர்ந்த பவளத்தின் துண்டை உரிய முறையிற் பெறுதலே நன்று. அத்துண்டு தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது. கடலுக்கும் அதனால் இழப்பில்லை. தொட்டிக்கு வேண்டும் பாறையும் அவ்வாறே. தீவுக் கல்லை நாடாது, சுட்ட மண்ணாலோ செயற்கைக் கலவையாலோ செய்த பாறையைக் கொள்ளுதல் வேண்டும்.

நீர்

உப்பளங்கள் நிறைந்த ஊரில் வாழும் நமக்கு ஓர் ஐயம் எழலாம்: உப்பை நீரிற் கரைத்தால் கடல்நீர் ஆகாதோ? ஆகாது. கடல்நீர் பாத்திகளில் வற்றும்போது முதலிற் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்ஸமும் படிந்து பிரிகின்றன. அதன் பின்னரே சோற்றுப்பு விளைகின்றது. மக்னீசிய உப்புக்கள் எஞ்சிய கசப்பு நீரோடு தங்கிவிடுகின்றன. எனவே உப்பளத்து உப்பு, பவளத்திற்கு இன்றியமையாத சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் இழந்த உப்பு. தொட்டிக்கென எல்லாச் சத்தும் சேர்த்துச் செய்யப்பட்ட கலப்புப்பையே, தூய்மை செய்த நீரில் கரைத்துக்கொள்ளல் வேண்டும்.

அந்நீரின் உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு, ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.025, வெப்பம் 24 முதல் 27 சென்டிகிரேடு பாகை வரை, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை இருத்தல் நலம். தொட்டி அமைத்தவுடன் பவளத்தை இடலாகாது. கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் பெருகிய பின்னரே அதனைக் கொணர்தல் வேண்டும். இதற்குச் சில வாரங்கள் கட்டாயம் செல்லும். சில திங்கள் பொறுத்தல் இன்னும் சிறப்பு. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்குமாதலின், குறைந்த அளவுக்கு நன்னீரையே நாள்தோறும் வார்க்க வேண்டும். உப்புநீரை வார்ப்பின் உப்பளவு நாளுக்கு நாள் ஏறும்.

குடிபுகுத்தல்

பவளம் வந்த நாளில் தொட்டியின் விளக்கைத் தணித்துவிடுக. பவளத்தைக் கொணர்ந்த பையை வாய் திறவாது தொட்டிநீரிற் கால்மணி நேரம் மிதக்கவிட, இரு நீரின் வெப்பமும் ஒத்துவரும். பின்னர்ப் பவளத்தை அந்நீரோடு ஒரு பாத்திரத்திலிட்டு, தொட்டிநீரை மெல்லிய குழாய் வழியாகத் துளித்துளியாய் முக்கால்மணி நேரம் அதில் விழச்செய்க. அதன் பின் பவளத்தைமட்டும் எடுத்துத் தொட்டியில் வைத்து, பை நீரைக் கொட்டிவிடுக. பவளம் தின்னும் நத்தைகளும் புழுக்களும் துண்டின் அடியில் ஒளிந்து வருதல் உண்டு. ஆதலின் அடிப்பாகத்தை நன்கு ஆராய்தல் வேண்டும்.

கையுறை அணிந்தே இவ்வேலையைச் செய்க. மென்பவளத்தோடு ஒருங்கு விற்கப்படும் பொத்தான் பவளங்கள் மென்பவள இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுட் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லை வெந்நீரிலிட்டுக் கொதிக்கவைத்தவர், எழுந்த ஆவியை உட்கொண்டு நோயுற்ற செய்திகள் பலவுள. அக்கல்லை ஒருகாலும் கொதிக்கவைத்தலும் சுரண்டுதலும் ஆகா.

இடம்

மீன் தனக்கு ஒவ்வாத இடத்தை விட்டு நீந்தும். நண்டு ஊர்ந்து செல்லும். பவளம் வைத்த இடத்தில் இருக்கும். கடலில் பவளத்தின் இளங்குஞ்சு நீரில் மிதந்து, ஒளியும் ஓட்டமும் ஒத்த பாறையைத் தானே நாடிப் பற்றுகின்றது. தொட்டியிலோ அத்தெரிவை நாம் கைக்கொள்கின்றோம். ஆதலின் இடத்தை ஆராயாது வைத்தல் பெருந்தீங்கு.

முதலில் தொட்டியின் அடிப்பகுதியில், விளக்கின் நேர்கீழன்றி ஓரமாக ஓர் இடத்தைத் தேர்க. நீரோட்டம் மிதமாயும் திசைமாறி வருவதாயும் இருத்தல் வேண்டும். பூச்சிகளின் கைகள் இளங்காற்றில் அசையும் பயிர்போல் ஒருபக்கம் சாய்ந்து மீள்வது நல்ல ஓட்டத்தின் அறிகுறி. நீர் இறைக்கும் குழாயின் வாய் நேரே பாயுமாயின் சதை கிழியும், பூச்சிகள் விரியா. ஓட்டமே இல்லாத மூலையிலோ அழுக்கு படிந்து அடிப்பாகம் அழுகும்.

வன்பவளத்தைப் பசையால் ஒட்டுதல் எளிது. மென்பவளம் கோழை சுரப்பதாகலின் பசை பிடிப்பதில்லை. துண்டைச் சிறு கல்லின்மேல் வைத்து மெல்லிய நூலால் இறுக்காது கட்டலாம். அன்றிச் சிறு கிண்ணத்தில் பரல்கற்களிட்டு, அவற்றின்மேல் துண்டை வைத்து வலைத்துணியால் மூடலாம். இரண்டு மூன்று வாரங்களில் அது தானே கல்லைப் பற்றிக்கொள்ளும். அப்போது நூலையும் வலையையும் நீக்கிவிடுக.

அயலாரையும் எண்ணல் வேண்டும். மென்பவளம் அமைதியான தோற்றமுடையதாயினும், தன்னருகே பிற பவளம் வளராதபடி நச்சுச் சாறுகளை நீரிற் கலக்கும் ஆற்றலுடையது. ஆதலின் வன்பவளத்திற்கும் அதற்கும் இடையே ஒரு சாணேனும் இடைவெளி வேண்டும். வடிகட்டியில் செயலூட்டிய கரியை இட்டுத் திங்கள்தோறும் மாற்றினால் அச்சாறுகள் பெரிதும் நீங்கும். அடிக்கடி நீரை ஓரளவு மாற்றுதலும் துணைசெய்யும்.

ஒளி

ஞாயிற்றின் ஒளி கடலிற் புகுங்கால், அதன் செங்கதிர்களை மேற்பரப்பின் சில மீட்டர் நீரே உறிஞ்சிவிடும். நீலக்கதிர்களே ஆழம் செல்லும். பவளத்தின் பாசி அந்நீல ஒளிக்குப் பழகியது. வீட்டுத் தொட்டியின் ஆழம் இரண்டு சாண் அல்லது மூன்று சாணாதலின் அந்நீர் ஒளியை அவ்வாறு வடிக்காது. எனவே விளக்கிலேயே நீலம் மிகுந்திருத்தல் வேண்டும். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகளில் நீலத்தையும் வெண்மையையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இயலும்.

ஜகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பவர், உயிர்கள் குடியேறிய பாறையும் பகலொளியும் காற்றுக் குமிழியும் மட்டுமே கொண்டு கடல்நீர்த் தொட்டியை நடத்திய முறையை 1961ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அவர் வழியைக் கண்டு நாமும் தொட்டியைச் சன்னலோரத்தில் வைக்கலாமோ எனின், நம்மூர் வெயிலில் அது தகாது. சன்னல் வெயில் நீரைச் சூடேற்றும். வேண்டாத பாசியையும் தழைக்கச் செய்யும். விளக்கொளியே நம் அளவிற்கு அடங்குவது.

எவ்வளவு ஒளி என்பது அடுத்த வினா. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு வினாடியில் விழும், பாசிக்குப் பயன்படும் ஒளித்துகள்களை மைக்ரோமோல் என்னும் அலகால் அளப்பர். வெப்பநாட்டு நண்பகல் வெயில் கடற்பரப்பில் ஏறத்தாழ 2000 ஆகும். மென்பவளங்கட்குப் பெரும்பாலும் 50 முதல் 150 வரை போதும். அளக்கும் கருவி இல்லாதவர் பின்வருமாறு செய்க. முதல் வாரத்தில் விளக்கை அதன் முழு ஆற்றலில் மூன்றில் ஒரு பங்காக வைத்து, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் எரியவிடுக. பின்னர் வாரந்தோறும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை ஆற்றலையும், அரைமணி நேரத்தையும் கூட்டுக. எட்டு அல்லது ஒன்பது மணி நேரத்தோடு நிறுத்துக. ஒளியை உயர்த்தும் வாரத்தில் பவளத்தை இடம் பெயர்த்தலாகாது. இடம் பெயர்த்த வாரத்தில் ஒளியை உயர்த்தலாகாது. இரண்டையும் ஒருங்கு செய்வோர், பவளம் வாடியதற்குக் காரணம் எதுவென அறியமாட்டார்.

இவ்வளவு நிதானம் எதற்கு? பாசி தனக்கு வரும் ஒளியின் அளவுக்கேற்பத் தன்னிடமுள்ள நிறப்பொருளைக் கூட்டியும் குறைத்தும் அமைத்துக்கொள்கின்றது. அதற்கு நாட்கள் பல வேண்டும். மங்கிய ஒளியிலிருந்து வந்த பவளத்தின்மேல் திடீரெனப் பேரொளி பாயுமாயின், பாசி ஏற்கும் அளவை மிஞ்சிய ஒளியால் கேடுதரும் உயிர்வளிப் பொருள்கள் சதைக்குள் பெருகுகின்றன. அத்துன்பத்தில் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகின்றது. தனக்கு உணவளித்த துணையை இழந்தபின், அது நெடுநாள் உயிர்தரித்தல் அரிது. நீர் சூடேறும்போதும் இதுவே நிகழும். சூடும் பேரொளியும் ஒருங்கு சேர்ந்தால் தீங்கு இரட்டிக்கும்.

ஆதலின் சித்திரை வைகாசித் திங்கள்களில் நம்மூரார் தனிக் கருத்துச் செலுத்தல் வேண்டும். நீரைக் குளிர்விக்கும் பொறி இருப்பின் நன்று. இல்லையாயின் நீர்ப்பரப்பின்மேல் விசிறிக் காற்றை வீசச்செய்ய, ஆவியாதலால் வெப்பம் ஓரளவு தணியும். கடற்கரை ஈரக்காற்றில் அதன் பயன் சிறிது குறையும். மின்சாரம் நின்று நீர் சூடேறிய நாளில் விளக்கையும் தணித்து வைத்தல் பவளத்தைக் காக்கும் எளிய வழி.

குறிகளை அறிதல்

பவளம் பேசாது, நிறத்தாலும் நிலையாலும் தன் நலந்தீங்குகளைத் தெரிவிக்கும். நிறம் கருகிப் பழுப்பேறி, தண்டு நீண்டு விளக்கை நோக்கிச் சாயுமாயின் ஒளி போதவில்லை. நான்கு விரல் உயரம் மேலேற்றுக. நிறம் நாளுக்கு நாள் வெளிறுமாயின் ஒளி மிகை; கீழிறக்குக. ஓரிடம் குழைந்து தீநாற்றம் வீசுமாயின் அழுகல் தொடங்கிற்று. அப்பகுதியை நல்ல சதையோடு சேர்த்து அரிந்து நீக்குக.

இன்னும் ஒரு குறி பலரை மயக்குவது. சார்கோபைட்டன் சிற்சில வேளைகளில் பூச்சிகளை உள்ளிழுத்துச் சுருங்கி, மெழுகு பூசினாற்போன்ற மங்கிய தோற்றம் கொள்ளும். அந்நிலை சில நாட்களும், சிலபோது இரண்டு வாரமும் நீடிக்கும். பின்னர் அம்மெழுகுத் தோல் உரிந்து போக, முன்னினும் பொலிவாய் விரியும். பாம்பு சட்டை உரிப்பது போன்ற இயற்கைத் தொழிலே இது. இதனை நோயென்று கருதி இன்று மேலும் நாளை கீழுமாய் இடம் மாற்றுவோர், உறங்கும் குழவியை எழுப்பி எழுப்பி நலங்கேட்பாரை ஒப்பர். ஓட்டத்தைச் சிறிது கூட்டி, உரிந்த தோல் நீங்க உதவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருத்தலே தக்கது.

தீவுகளில் இதே பாடம்

தொட்டியிற் கற்கும் இவ்விதிகள் நம் கடலில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதைக் காண்போம். தூத்துக்குடித் தீவுகளின் பவளப்பாறைகள் பல்லாண்டுகள் சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்குமாக வெட்டப்பட்டன. 2005ஆம் ஆண்டளவில்தான் அவ்வழக்கம் நின்றது. விளங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. பவளப்பாறை அலையின் வேகத்தைத் தடுக்கும் அரண். அரணை இழந்த தீவைக் கடல் கொள்வது இயல்பே. வான்தீவும் பெரிதும் அரிக்கப்பட்டமையால், அதனைக் காக்க 2015ஆம் ஆண்டு முதல் செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002ஆம் ஆண்டு முதல் இக்கடலில் பவளம் நடும் பணியைச் செய்து வருகின்றனர். நலமுள்ள வன்பவளத்தினின்று சிறு துண்டுகளை எடுத்து, கடலடியில் நிறுத்திய சிமெண்டுச் சட்டங்களில் அவற்றைக் கட்டி வளர்க்கும் பணி அது. எத்தனை அடி ஆழம், எவ்வளவு ஒளி, எத்தகைய ஓட்டம், கலங்கல் படியாத இடம் எது என்னும் வினாக்களே அங்கும் எழுகின்றன. நாம் தொட்டியில் ஒரு துண்டுக்குக் கேட்பதை அவர் ஒரு கடலுக்குக் கேட்கின்றனர்.

ஒரு வேற்றுமை உண்டு. தொட்டியில் நீர் சூடேறினால் விளக்கைத் தணிக்கலாம்; கடலில் ஞாயிற்றைத் தணிக்கும் ஆணி இல்லை. 2010ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் கோடைக்கடல் அளவிறந்து வெம்பியபோது மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. கடலடிப் பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பங்கை மூடியிருந்த உயிர்ப்பவளம், 2016ஆம் ஆண்டின் வெளுப்பிற்குப் பின் ஏறத்தாழ 23 பங்காகக் குறைந்தது. இளமீன்களுக்குப் புகலிடமும் கரைக்கு அரணுமாகிய ஒன்றின் அழிவு, வலைவீசி உண்ணும் குடும்பங்களின் அடுப்பையும் தொடும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

மாணவ அன்பர்காள்! ஒரு துண்டு மென்பவளத்தை ஓராண்டு நலமுற வளர்த்தவர், இரண்டு பாகை வெப்பம் ஏறுவதன் பொருளை ஏட்டால் அறிவதினும் தெளிவாக அறிவார். அவ்வறிவு உடையார் தீவிலிருந்து ஒரு கல்லையும் பெயர்க்க மனங்கொள்ளார். இடம் ஆராய்ந்து வைத்தல், ஒளியை அளந்து கூட்டல், கைபடாது காத்திருத்தல் என்னும் மூன்றும் தொட்டிக்குரிய விதிகள். நம்முட் சிலர் நாளை இக்கடலின் காவற்பணியிலும் ஆராய்ச்சியிலும் அமர்தல் கூடும். அவருக்கு இம்மூன்றும் அங்கும் உதவும். முத்தெடுத்துப் புகழ்கொண்ட கரை, பவளம் வைத்தும் புகழ்பெறுக.